பி.எச்.சி. போஸ்டிங்: பக்கத்தில் நின்று யார் பார்க்கிறார்கள்?

மருத்துவ மாணவர்களின் கிராமப்புறப் பயிற்சி பற்றியும், அதை மதிப்பிடும் முறை பற்றியும் வந்த கேள்விகள் இந்த இதழில். சமூக மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) மருத்துவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: அடுத்த மாதம் எனக்கு கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங். "அது ரெஸ்ட் போஸ்டிங், உட்கார்ந்து நீட் பி.ஜி.க்குப் படி" என்கிறார்கள் சீனியர்கள். உண்மையிலேயே அங்கே கற்க என்ன இருக்கிறது?
– ஹவுஸ் சர்ஜன், தருமபுரி

ப: முதலில் கணக்கைப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி மருத்துவர்) காலம் 52 வாரம். அதில் பொது மருத்துவத்துக்கு 6, அறுவை சிகிச்சைக்கு 6, மகப்பேறுக்கு 7. சமூக மருத்துவத்துக்கு 12. ஒரே துறைக்கு இவ்வளவு வாரம் வேறு எதற்கும் இல்லை. எம்.சி.க்யூ. (விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் கேள்வி) போடுவதற்காக யாரும் 12 வாரம் ஒதுக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி வார்டில் நீங்கள் பார்க்கும் நோயாளி ஏற்கெனவே இரண்டு மூன்று கை மாறி வந்தவர். "டெங்கு, பிளேட்லெட் குறைவு" என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். பி.எச்.சி.யில் அதே ஆள் காய்ச்சலின் இரண்டாம் நாளில் நடந்து வருகிறார். பிளேட்லெட் சரியாக இருக்கிறது. அன்று உங்களிடம் எதிர்பார்ப்பது நோயின் பெயரை அல்ல. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாளைக்கே திரும்ப வரச் சொல்ல வேண்டும், எதைக் கண்டால் ராத்திரியே ஓடிவரச் சொல்ல வேண்டும் என்ற முடிவை. டெங்குவில் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது, பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டார் நிம்மதியாகும் அதே நாள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு, துவண்டு படுப்பது ஆகியவற்றை அந்த அம்மாவுக்குப் புரியும்படி சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்கிறீர்களா? வார்டில் இதைப் பழக வாய்ப்பே கிடையாது.

முதல் வாரத்திலேயே எம்.ஓ. (மருத்துவ அலுவலர்) அறையில் நாற்காலி தேடாதீர்கள். ஓ.பி. சீட்டு போடும் இடம், ஊசி அறை, லேப், மருந்தகம், துணை சுகாதார நிலையம் என்று இடத்துக்கொரு அரை நாள் இருந்து பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலரோடு ஒரு நாள் நடங்கள். பிரஷர் மாத்திரை வாங்கும் 10 பேரின் வீட்டில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தாலே, ஓ.பி.யில் "ரெகுலரா சாப்பிடறேன்" என்று சொன்னவர்களில் யார் நிஜமாகச் சாப்பிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கே: என் மகளின் லாக்புக்கில் (பயிற்சியில் செய்த வேலைகளைப் பதியும் ஏடு) கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் என்கிறாள். இது சரியா?
– வாசகர், கரூர்

ப: சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்ததால்தான் கேட்கிறீர்கள்.

"தையல் – 5, செய்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய லாக்புக், அந்தப் பெண்ணுக்குத் தையல் போடத் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒரு பதிவில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: தேதி, என்ன நிலையில் வந்த நோயாளி என்ற ஒரு வரி, மாணவரின் பங்கு, பக்கத்தில் நின்று பார்த்தவர் யார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பார்த்தேன், கூட நின்று உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன் என்று நான்கு படி உண்டு. ஐந்து தையலில் முதல் இரண்டு "உதவினேன்", கடைசி இரண்டு "மேற்பார்வையில் செய்தேன்" என்றிருந்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஐந்துமே "தனியாகச் செய்தேன்" என்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வழி எளிது: அன்றன்றைக்கு ஓ.பி. முடிந்து எம்.ஓ. டீ குடிக்கும் நேரத்தில் நீட்டிவிட வேண்டும். அடுத்த வாரம் நீட்டினால் அவருக்கும் ஞாபகம் இருக்காது. எம்.ஓ. பார்க்காத வேலைக்கு எம்.ஓ.விடம் கையெழுத்து கேட்கவும் கூடாது. தடுப்பூசியை வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) பார்த்திருந்தால் அவர் பெயரை எழுதுங்கள்.

கே: எங்கள் பி.எச்.சி.யில் ஓ.பி. 150க்குக் குறையாது. நான் ஒருவன்தான் எம்.ஓ. நான்கு ஹவுஸ் சர்ஜன்களை அனுப்புகிறார்கள், கூடவே ஒரு மதிப்பெண் படிவமும். எப்போது மதிப்பிடுவது? எல்லோருக்கும் 8 போட்டு அனுப்பிவிடுகிறேன்.
– மருத்துவ அலுவலர், திருநெல்வேலி மாவட்டம்

ப: எல்லோருக்கும் 8 போடுவதில் நீங்கள் தனி ஆள் இல்லை. உங்களிடம் 12 வாரம் முழுவதையும் ஒரே எண்ணில் கேட்கிறார்கள், அதனால்தான் 8 வருகிறது. கேள்வியைச் சின்னதாக்குங்கள்: ஒரு நாள், ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு நோயாளி, 15 நிமிடம்.

மினி சி.இ.எக்ஸ். (சின்ன நேரடி மருத்துவ மதிப்பீடு) என்ற முறை இதற்காகவே வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு பயிற்சி மருத்துவர் ஒரே ஒரு நோயாளியை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பரிசோதிக்க, ஒரே ஒரு தேர்வாளர் உட்கார்ந்து பார்ப்பார். அந்த ஒருவரை வைத்து மற்ற நோயாளிகளிடம் இவர் எப்படி நடப்பார் என்று சொல்ல முடியவில்லை. ஜான் நார்சினியும் அவரோடு இருந்தவர்களும் 1995இல் அதைத் துண்டு துண்டாக்கினார்கள்: சின்னச் சந்திப்புகள், வெவ்வேறு நோயாளிகள், வெவ்வேறு தேர்வாளர்கள். விவரம் கேட்பது, உடல் பரிசோதனை, நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம், முடிவெடுப்பது, ஆலோசனை சொல்வது, நேரத்தைக் கையாள்வது, மொத்தத்தில் எப்படி என்று ஏழு தலைப்பு. 1 முதல் 9 வரை மதிப்பெண். 4 முதல் 6 வரை போதுமான தரம், 7 முதல் 9 வரை மிக நல்ல தரம்.

பி.எச்.சி.யில் நடைமுறைக்கு வருவோம். கூட்டம் குறையும் பதினொன்றரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் மறுபரிசோதனைக்கு வருபவர் நல்ல தேர்வு. அவசரமும் இருக்காது, எல்லாத் தலைப்புக்கும் வேலையும் இருக்கும். "இந்தத் தம்பி உங்களைப் பார்ப்பார், நான் கூடவே இருக்கிறேன், சரியா?" என்று நோயாளியிடம் கேளுங்கள். பிறகு அவருடைய கண்ணுக்கு நேரே உட்காராதீர்கள். உட்கார்ந்தால் கேள்வியை மாணவர் கேட்க, பதிலை உங்களிடம் சொல்வார். சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நாற்காலி. ஆபத்தான தவறு நடந்தாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. எம்.ஓ.க்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம். மூன்றாம் நிமிடத்திலேயே கை பரபரக்கும்.

தாளில் "நன்று", "சுமார்" என்று எழுதாமல், கண்ணில் பட்டதை அப்படியே குறியுங்கள். நோயாளி போனபின் ஐந்து நிமிடம். முதலில் மாணவரைப் பேச விடுங்கள். அப்புறம் நீங்கள்: தொடர வேண்டிய ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று, மறுபடி எப்போது பார்ப்போம் என்பது. "நல்லா பார்த்தீங்க" என்பதால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. "சட்டைக் கைக்கு மேலேயே கஃப் கட்டினீங்க. அளக்கும்போதே மாத்திரையைப் பத்திப் பேச்சு கொடுத்தீங்க. ஒரே தடவை அளந்து 140/90னு எழுதிட்டீங்க" என்று சொன்னால் அந்தத் தவறு நாளைக்கு இருக்காது.

பிரஷரை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தெரியும் என்று எல்லோரும் நினைப்பது, உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் தவறாகச் செய்வது. நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகுக்குச் சாய்வு, பாதம் தரையில், கை இதயத்தின் மட்டத்தில். கஃபுக்குள் இருக்கும் ரப்பர் பை புஜத்தின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரை ஆரம்பமாகும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இன்னொரு முறை அளக்க வேண்டும். ஓ.பி. பதிவேட்டைப் புரட்டுங்கள்: எல்லா அளவும் 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடிந்தால், அளவுக்குப் பதில் ஊகம் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு வாரம் ஒன்று செய்தால் போதும். ஒவ்வொரு வாரமும் வேறு விதமான நோயாளியாக இருக்கட்டும். நான்கு பேர் என்றால் வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு இருபது நிமிடம். ஐந்தாம் நாளை உங்களுக்கு விட்டுவிடுகிறோம்.

கே: போஸ்டிங் முடியும்போது கட்டாயம் கைவர வேண்டிய வேலைகள் எவை? பட்டியல் மிக நீளம். எதில் பிடிப்பது?
– ஹவுஸ் சர்ஜன், புதுக்கோட்டை

ப: நாய்க்கடியும் பாம்புக்கடியும். இந்த இரண்டைச் சரியாகச் செய்பவருக்குக் காயம், ஊசி, அளவுக் கணக்கு, ஒவ்வாமை, கண்காணிப்பு, ரெஃபரல் எல்லாமே கைக்குள் வந்துவிடும்.

நாய்க்கடியில் முதல் வேலை குழாயடியில். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மாணவர்கள் நேராக ஊசிக்குப் போய்விடுகிறார்கள், அங்கேயே மதிப்பெண் போகிறது. அடுத்தது வகை பிரிப்பது: ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். தோலைத் துளைத்து ரத்தம் வந்தால், புண்ணிலோ வாய், கண் போன்ற ஈரச்சவ்விலோ எச்சில் பட்டால் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள் மருந்து) வேண்டும்.

தோலுக்குள் போடும் முறையில் 0.1 மி.லி. வீதம் இரண்டு புஜத்திலும், 0, 3, 7, 28ஆம் நாட்களில். ஊசி சரியான ஆழத்தில் போனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்ன மேடு எழும்பும். மேடு வரவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். புட்டத்தில் போடவே கூடாது. கலக்கிய மருந்தைக் குளிரில் வைத்து 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். காலையிலேயே எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்வது இதனால்தான்.

குதிரை இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 40 யூனிட், மனித வகை 20. 50 கிலோ ஆளுக்குக் குதிரை வகை 2,000 யூனிட். ஒரு மி.லி.யில் 300 யூனிட் உள்ள குப்பியானால் ஏறத்தாழ 6.7 மி.லி. இந்தக் கணக்கை மாணவர் தாளில் போட்டுக் காட்டட்டும். மருந்து காயத்துக்குள்ளும் சுற்றிலும் போக வேண்டும். காயத்தில் ஒரு சொட்டும் இறக்காமல் முழுவதையும் தொடையில் போட்டுவிடுவது பெரிய தவறு. விரல் நுனியில் அழுத்தி ஏற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. காயத்தை உடனே இறுக்கித் தைக்காதீர்கள். தைத்தே ஆக வேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலின் போட்டபிறகு, தளர்வாக.

பாம்புக்கடியில் மாணவர் தடுமாறும் இடம் 20 நிமிட ரத்த உறைதல் சோதனை. புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம். 20 நிமிடம் தொடாமல் வைத்து, அப்புறம் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாது. சோப்புப் பவுடரில் கழுவிய குழாயும் அப்படியே. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் ஆட்டிப் பார்ப்பவரைக் கட்டாயம் நிறுத்துங்கள். இந்த மூன்றாலும் விஷம் ஏறாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம்: ரத்தம் உறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்பது. கட்டுவிரியனும் நாகமும் நரம்பைத் தாக்குபவை, அவற்றில் ரத்தம் ஒழுங்காக உறையும். தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்று வலி, கடிவாய் சரியாகத் தெரியவில்லை என்றால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். மேலே பார்க்கச் சொல்லி இமை தாழ்கிறதா என்று பாருங்கள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி எதுவரை போகிறார் என்று குறித்து வையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பு. இறுகக் கட்டிக்கொண்டு வந்த கயிற்றைச் சட்டென்று அறுத்துவிடக் கூடாது. ஊசி வழியும் மருந்தும் தயாரான பிறகே மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

விஷமுறிவு மருந்து தொடக்கத்தில் 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் ஏறும்படி. குழந்தைக்கும் அதே 10 தான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. தோலில் சோதனை ஊசி வேண்டாம். அது ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டுவதில்லை, நேரம்தான் வீணாகும். அதற்குப் பதில், மருந்து தொடங்கும் முன்பே, கடும் ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் 0.5 மி.லி. சிரிஞ்சில் ஏற்றித் தலைமாட்டில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மதிப்பிடும்போது நாங்கள் முதலில் தேடுவது இந்தச் சிரிஞ்சைத்தான். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று. பதிவு செய்வதும் சிகிச்சையின் பகுதி என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கே: வி.எச்.என். அக்காவிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள். டாக்டரை நர்ஸ் மதிப்பிடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

ப: தாராளமாக. தடுப்பூசி நாளன்று குளிர்ச்சங்கிலியை (மருந்தைக் கடைசி வரை குளிரிலேயே வைக்கும் ஏற்பாடு) பற்றி அந்த அக்காவுக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தால் நீங்கள் தேர்ச்சி.

அவர் கேட்கக்கூடியவை: ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, காலை மாலை இருவேளையும் குறித்திருக்கிறதா? குப்பியின் மேலுள்ள, வெப்பம் பட்டால் நிறம் மாறும் அடையாளத்தில் உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் குப்பை. திறந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) குப்பியை விதிப்படி வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆனால் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) தடுப்பூசிகளைக் கலக்கி 4 மணி நேரம் ஆனால் மீதி எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். கலக்கும் நீர் அந்தந்த மருந்துக்கு உரியதா, முந்தைய நாளே குளிரில் வைத்ததா? ஊசி போட்டபின் குழந்தையை அரை மணி நேரம் உட்கார வைத்தீர்களா?

இது தவிர, தாமதமாக வருவது, நோயாளியை ஒருமையில் கூப்பிடுவது, சொன்ன நேரத்தில் ஆளே இல்லாதது எல்லாம் எம்.ஓ. கண்ணுக்கு எட்டாது, ஸ்டாஃப் நர்ஸுக்கும் வி.எச்.என்.னுக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் எட்டும். மூவரிடமும் தனித்தனியாக நாலு வரி கேட்டு வாங்கும் கல்லூரிகள் சரியாகவே செய்கின்றன.

கே: ராத்திரி எம்.ஓ. இல்லாதபோது இறப்புச் சான்றிதழில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
– ஹவுஸ் சர்ஜன், விழுப்புரம்

ப: போடாதீர்கள். உங்களுடையது தற்காலிகப் பதிவு. மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சட்டம் சார்ந்த மருத்துவ ஆவணம் எதிலும் ஹவுஸ் சர்ஜன் தன் பெயரில் கையெழுத்திடக் கூடாது. மேற்பார்வை இல்லாமல் தனியே சிகிச்சை தரவும் கூடாது. எம்.ஓ.வைப் போனில் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கே: ஹவுஸ் சர்ஜனுக்கு மொத்தம் எத்தனை நாள் விடுப்பு?
– வாசகர், ஆம்பூர்

ப: முன்அனுமதியோடு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள். அதைத் தாண்டினால் அந்த நாட்களை நீட்டித்து முடித்துத் தர வேண்டும்.

கே: பிரசவம் முடிந்தபிறகு உட்கார்ந்து பார்ட்டோகிராஃப் நிரப்பச் சொல்கிறார்கள். அதில் என்ன கற்க முடியும்?
– பயிற்சி மருத்துவர், கள்ளக்குறிச்சி

ப: கோடு போடக் கற்கலாம். வேறொன்றும் இல்லை.

பார்ட்டோகிராஃப், பிரசவம் முன்னேறுவதை மணிக்கணக்கில் குறிக்கும் தாள், ஓர் எச்சரிக்கைக் கருவி. நம் பிரசவ அறைகளில் பழக்கத்தில் உள்ள தாளில் கருப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் ஆரம்பிக்க வேண்டும். மணிக்கு 1 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணி நேரம் வலப்புறம் நடவடிக்கைக் கோடு. சிசேரியன் வசதியில்லாத பி.எச்.சி.யில் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டும்போதே 108 பற்றி யோசிக்க வேண்டும், நடவடிக்கைக் கோடு வரை காத்திருந்தால் வழியிலேயே பிரசவம் ஆகும், அல்லது அதைவிடக் கெட்டது நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட புதிய பிரசவக் கவனிப்புத் தாள் 5 செ.மீ.யிலிருந்து தொடங்குகிறது. உங்கள் நிலையத்தில் எந்தத் தாள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டையும் குழப்பினால் கோடுகளுக்கு அர்த்தமில்லை.

பிறகு நிரப்பிய தாளைக் கண்டுபிடிப்பது சுலபம். அரை மணிக்கொரு முறை பார்த்த குழந்தையின் இதயத் துடிப்பு 140, 140, 140, 140 என்று ஒரே பேனா மையில் ஓடும். உயிருள்ள குழந்தையின் துடிப்பு அப்படி நிற்காது. மதிப்பிடுபவர் நடுவில் ஒருமுறை உள்ளே போய் "இப்போ தாளைக் காட்டுங்க" என்றால் போதும்.

கூடவே பார்க்க வேண்டியது: குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போனதா, கருப்பை இறுகும் முன்பே தொப்புள் கொடியை இழுத்தார்களா.

கே: எதற்கெடுத்தாலும் ரெஃபர் செய்யும் ஹவுஸ் சர்ஜனுக்கு மதிப்பெண் குறைக்கலாமா?
– உதவிப் பேராசிரியர், மதுரை

ப: எண்ணிக்கையைப் பார்த்துக் குறைக்காதீர்கள். பயந்துபோய், அனுப்ப வேண்டியவரையும் நிறுத்தி வைப்பார்கள். அனுப்பிய விதத்தைப் பாருங்கள்.

"மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது" என்ற ஒற்றை வரிச் சீட்டுக்குப் பூஜ்யம். வந்த நேரம், அப்போதைய நாடி, பிரஷர், மூச்சு, சந்தேகம் என்ன, கொடுத்த மருந்தின் அளவும் வழியும் நேரமும், அங்கே யாரிடம் போனில் பேசினோம் என்பது வரை சீட்டில் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்து அனுப்புகிறோம் என்று வையுங்கள். அனுப்பும் முன் மெக்னீசியம் சல்ஃபேட் 10 கிராம், ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம் ஆழமாகத் தசையில். 50 சதவீத மருந்தில் 2 மி.லி. ஆம்பூல் ஒன்று 1 கிராம், ஆகவே பக்கத்துக்கு ஐந்து ஆம்பூல். சீட்டில் நேரம் எழுதாவிட்டால், அங்கே இருப்பவர் மறுபடி முழு அளவும் போடக்கூடும். முழங்கால் அனிச்சை போவது, அதற்கடுத்து மூச்சு தளர்வது என்று விஷமாகும் மருந்து அது. முறிவாகக் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் வண்டியில் போகிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலும் யாரும் செய்யாதது: இரண்டு நாள் கழித்து அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதி வைப்பது. தன் சந்தேகம் சரியா தப்பா என்பது தெரியாமலே 12 வாரம் ஓட்டுபவர் கற்பதற்கு வழியே இல்லை. எங்கள் கணக்கில், லாக்புக்கில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

கே: குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் எனக்குக் கொடுத்த வீடுகளில் மூன்றாவது தடவை போனபோது கதவைத் திறக்கவில்லை. என்ன செய்வது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, நாகர்கோவில்

ப: முதல் இரண்டு தடவையும் என்ன கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாத வருமானம், கழிப்பறை உண்டா, யார் குடிக்கிறார்கள் என்று படிவத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருப்பீர்கள். நம் வீட்டுக்கு ஒருவர் வந்து இப்படிக் கேட்டால் நாமும் திறக்கமாட்டோம்.

2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கொண்டுவந்தபோது முதல் ஆண்டிலிருந்தே அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கத் தேவையே இல்லை. ஒரு தடவைக்கு ஒரு தலைப்பு. ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையில் ஏதாவது மிச்சமாக வேண்டும்: ஹீமோகுளோபின் எண், பிரஷர் அளவு, பாட்டியின் கண்புரைக்கு எந்த நாளில் எங்கே போவது என்ற தகவல். போன தடவை எடுத்த பரிசோதனை முடிவைச் சொல்லாமல் இந்தத் தடவை இன்னொன்றை எடுக்காதீர்கள். வயல் வேலை இருக்கும் காலை நேரத்தில் கல்லூரிப் பஸ்ஸில் நாற்பது பேர் இறங்குவதும் ஒரு காரணம். அதை உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு: நிரம்பிய படிவங்களை எண்ணி மதிப்பெண் போட வேண்டாம். "இந்தக் குடும்பத்தில் ரத்தசோகை உள்ளவர் யார், போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது, ஏன்?" என்று ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். நண்பனின் படிவத்தைப் பார்த்து எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

கே: இவ்வளவையும் கல்லூரியிலேயே ஆஸ்கி (நிலையம் நிலையமாகச் செய்முறையைச் சோதிக்கும் தேர்வு) வைத்துச் சோதித்துவிட்டால் பி.எச்.சி. எம்.ஓ.வைத் தொந்தரவு செய்ய வேண்டாமே?
– பேராசிரியர், கோயம்புத்தூர்

ப: பாதி முடியும். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் ஆஸ்கியை அறிமுகப்படுத்தியது, எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்ற நியாயத்துக்காக. இம்யூனோகுளோபுலின் கணக்கு, குளிர்ச்சங்கிலி, ரெஃபரல் சீட்டு எழுதுவது, பொம்மைக் கையில் தோலுக்குள் ஊசி போடுவது எல்லாவற்றுக்கும் ஆறேழு நிமிட நிலையங்கள் நன்றாக அமைக்கலாம். போஸ்டிங்குக்கு அனுப்பும் முன்பே வைத்துவிடுங்கள், பின்னால் வேண்டாம். ஊசி பிடிக்கத் தெரியாதவரை நிஜக் குழந்தையிடம் அனுப்பாமல் இருக்க அது உதவும்.

ஆனால் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் சொன்ன படிநிலையில் (தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுகிறார், நிஜத்தில் செய்கிறார்) ஆஸ்கி காட்டுவது "செய்து காட்டுகிறார்" என்ற மூன்றாம் படியை. 90ஆவது ஓ.பி. சீட்டில், பசியோடு, மின்விசிறி நின்றுபோன அறையில் அவர் என்ன செய்கிறார் என்பது நான்காம் படி. அதை அங்கே இருப்பவர்தான் பார்க்க முடியும். எம்.ஓ.வின் நேரத்துக்குக் கல்லூரி ஏதாவது கைமாறு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்: மாதம் ஒருமுறை ஆசிரியர் நேரில் போய், அன்றைய ஓ.பி.யில் பாதியைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

கே: எட்டாவது வாரத்தில் ஒருவர் தேறமாட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வது?
– மருத்துவ அலுவலர், நாமக்கல் மாவட்டம்

ப: எட்டாம் வாரம் வரை போகவிடாதீர்கள். நான்காம் வாரம் முடிவதற்குள் மூன்று மினி சி.இ.எக்ஸ். தாள் உங்கள் கையில் இருக்கும். மூன்றிலும் ஒரே தலைப்பில் 4க்குக் கீழ் என்றால் அன்றே உட்கார வைத்துப் பேசுங்கள். "முயற்சி போதாது" என்று சொல்லாமல், எது வரவில்லை என்று சொல்லுங்கள்: தோலுக்குள் ஊசியா, குழந்தையின் மருந்துக் கணக்கா, நோயாளியிடம் பேச்சா? அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு வாரம், யார் கூட நிற்பார்கள், எத்தனை முறை செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நகலைக் கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். ஆறாம் வாரத்தில் உங்களைத் தவிர வேறொருவர், பக்கத்து பி.எச்.சி. எம்.ஓ.வானாலும் சரி, மறுபடி பார்க்கட்டும். அப்போதும் வரவில்லை என்றால் அந்தப் போஸ்டிங்கை நீட்டிக்கும்படி துறைக்கு எழுதலாம், கையில் தேதியோடு தாள்கள் இருப்பதால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. திடீரென்று தடுமாற ஆரம்பித்தவரானால் தூக்கம், உடம்பு, வீட்டுக் கஷ்டம் பற்றி முதலில் தனியாக விசாரியுங்கள். அந்தப் பேச்சை மதிப்பெண் தாளில் எழுத வேண்டாம்.